ராத்திரிக் கோச்சி

பதுளை ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கொழும்புக் கோட்டையில் புறப்பட்டு 290 கிலோமீட்டருக்கு மேல் ஏறியும் இறங்கியும் வரும் பாதைக்கு அதற்கப்பால் போக இடமில்லை. இறங்குகிறவர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்து நடப்பார்கள். 2023 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் கோச்சியை விட்டு இறங்கிய தம்பி மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தான். தண்டவாளம் முடியும் இடம்வரை போய் நின்று, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா ஏறுனது இங்கதானே அண்ணே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? பதுளைக்கு இருப்பது ஒரே ஸ்டேஷன்.

தம்பிக்கு ஊர் கூடலூர்ப் பக்கம் சேரம்பாடி. 2016இல் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்காக நான் நீலகிரி போயிருந்தபோது பழக்கம். நான்கு நாள் லீவு போட்டு, மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார்த்தி, கூடலூரையும் பந்தலூரையும் ஊட்டியையும் சுற்றிக் காட்டினான். அவன் வீட்டில் முதல் நாள் அவனுடைய அம்மா எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி. கூடவே ஒரு கரண்டி சீனியை என் உள்ளங்கையில் வைத்தார். சீனியைத் தொட்டு நக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிக்கும் அந்த வழக்கத்தை என் ஆச்சிக்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. அதைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க யாரும் இப்பிடிக் குடிக்கமாட்டாங்க தம்பி, நாங்க சிலோன்காரங்க மட்டுந்தான்" என்றார் அவர். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர்கள். இங்கே எங்கள் பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தம்பியின் அம்மா 19 வயதில், 1972இல், தாய் தகப்பனோடு போனார். பதுளையிலிருந்து கோச்சி, தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், கடைசியில் சேரம்பாடி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழ்நாட்டு வனத்துறை 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. இன்று டேன்டீ என்கிறார்களே, அதுதான். அதில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர் அவர். மகன் பக்கத்தில் ஒரு தனியார் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்க்கிறான்.

அப்படிப்பட்டவன் வருகிறான் என்றதும் மூன்று நாளுக்கு நான் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். முதல் நாள் டவுன், துன்ஹிந்த அருவி. இரண்டாம் நாள் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரை. மூன்றாம் நாள் ஹப்புத்தளை, லிப்டன் சீட். இரவுச் சாப்பாட்டில் அதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் பாப்போம் அண்ணே" என்று சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். பள்ளிக் கொப்பித் தாள். அம்மா சொல்லச் சொல்ல அவன் எழுதியது.

பங்களா மலை. கோயில் மலை. ஆலமரத்து மலை. பீலி மலை. தொரப்பாதை மலை. பத்தேக்கர். சுடுகாட்டு மலை. இப்படி 19 பெயர்கள்.

தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நட்ட ஒரு துண்டு. ஆபீஸ் புத்தகத்தில் அதற்கு நம்பர் இருக்கும். கொழுந்தெடுக்கிறவர்கள் வாயில் பெயர் இருக்கும். ஒரு மலையில் கொழுந்தெடுத்தால் ஏழெட்டு நாள் கழித்துத்தான் மறுபடி அங்கே போகலாம். அதற்குள் மற்ற மலைகளைச் சுற்றி வரவேண்டும். அவனுடைய அம்மா சொல்லியிருந்தது வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல, அந்தச் சுற்றின் வரிசை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனதும் "இன்னைக்கு எந்த மலை" என்று கேட்காமலே கூடையோடு நடக்கத் தெரிந்த பெண்ணின் வரிசை.

"தோட்டத்துப் பேரு?" என்று கேட்டேன். ஒரு தமிழ்ப் பெயர் சொன்னான். இங்கே பெரும்பாலான தோட்டங்களுக்கு இரண்டு பெயர். வெள்ளைக்காரன் வைத்த பெயர் போர்டில் இருக்கும். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் போர்டில் இருக்காது. அந்தத் தமிழ்ப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. முப்பது வருடம் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன்தான். பசறை ரோட்டில் ஒரு தோட்டத்தில், பத்துக் காம்பரா லயத்தில், தொங்கலிலிருந்து மூன்றாவது காம்பராவில். டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து ஊர் எது என்று யார் கேட்டாலும் பதுளை என்றே சொன்னேன். பயிற்சிக் கல்லூரியிலும் பதுளை. கொழும்பில் கேட்டாலும் பதுளை. பொய்யில்லை, மாவட்டம் பதுளைதான். ஆனால் எதை மறைக்க அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். லயத்துக் காம்பராவுக்கு விலாசம் கிடையாது. கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. விலாசமில்லாத இடத்தை ஊர் என்று சொல்ல அந்த வயதில் எனக்கு வாய் வரவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது.

மறுநாள் டவுனைக் காட்டினேன். பதுளையைச் சுற்றி மலை, நடுவில் கிண்ணம் போல் டவுன். நுவரெலியாக் குளிர் இங்கே கிடையாது. தென்கிழக்கே நமுனுகுலை நிற்கிறது, 2,036 மீட்டர். முதியங்கனை விகாரைக்குப் போனோம். புத்தர் வந்ததாகப் போற்றப்படும் பதினாறு தலங்களில் ஒன்று. சின்ன வயதில் வெசாக் இரவுகளில் தோட்டத்திலிருந்து லொறி பிடித்து வந்து இங்கே வெளிச்சக்கூடும் தோரணமும் பார்த்து, தன்சலில் சாப்பிட்டுவிட்டு விடியும் நேரம் திரும்பியதைச் சொன்னேன். அரசமரத்தடியில் வெள்ளை உடுத்திய ஒரு அம்மா எங்களுக்கும் பூத்தட்டை நீட்டினார். தம்பி வாங்கி வைத்துக் கும்பிட்டான்.

பிறகு புனித மாற்கு தேவாலயம். 1857இல் கட்டியது. பதுளையில் உதவி அரசாங்க ஏஜெண்டாக இருந்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுப்பப்பட்டது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவன் என்று பெயர் வாங்கியவன், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தான். நான் சொல்லி முடித்ததும் தம்பி கேட்டது: "அந்தக் காலத்துல காட்ட வெட்டி ரோடு போட்டவங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கா அண்ணே?" அவன் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே காட்டுவேன் என்று எதிர்பார்த்துக் கேட்டான்.

1823ஐ எங்கள் வரலாற்றின் தொடக்கம் என்று வைத்து, அந்த 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணம் அதே ஆகஸ்டில்தான், சில நாள் முன்பு முடிந்திருந்தது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களின் கணக்கு யாரிடமும் ஒழுங்காக இல்லை. முதலில் நட்டது கோப்பி. 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில், இதே எங்கள் மாவட்டத்தில்தான், இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் துருப்போல் ஒரு நோய் தெரிந்தது. இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பி அழிந்தது. பிறகு அதே மலைகளில் அதே ஆட்களைக் கொண்டு தேயிலை நட்டார்கள்.

கடைத்தெருவில் நடக்கும்போது ஒரு இடத்தில் என் கால் தானாக நின்றது. 1983 ஜூலை 27, புதன்கிழமை. அன்று இந்தத் தெருவில் தமிழர் கடைகள் எரிந்தன, பிறகு வீடுகள் எரிந்தன. எனக்கு அப்போது 17 வயது. அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் லயத்துக்கு மேலே மலையில் நின்று, டவுன் பக்கம் எழும்பிய புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கீழேயிருந்து கூப்பிட்டபடியே இருந்தார். அந்த வருடத்துக்குப் பிறகு இராமேஸ்வரம் கப்பலும் அதிக காலம் ஓடவில்லை. 1984இல் நின்றது. எங்கள் குடும்பம் இந்தியாவுக்கு மனுப் போடலாமா என்று பேசிப் பேசிக் கடைசியில் போடவில்லை. அதனால்தான் நான் பதுளையில் இருக்கிறேன், தம்பி சேரம்பாடியில் இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு விண்ணப்பத் தாள்.

துன்ஹிந்தவுக்குப் பின்னேரம் போனோம். காட்டுப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை, வழிநெடுகக் குரங்கு. 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கீழே வந்து சேருமுன் புகையாகிவிடும். தம்பி அரை மணி நேரம் பேசவேயில்லை.

திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணி குடித்தோம். பக்கத்து மேசையில் ஒரு வயதான கண்டக்டர். தம்பி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போய்த் தோட்டத்துப் பெயரைச் சொன்னான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஹாலிஎல தாண்டி உடுவரைக்குப் போற வழி. மேல் டிவிசனா, கீழ் டிவிசனா?"

உடுவரை என்றதும் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி ஆசிரியை. அந்தத் தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரை நூறு தடவை பாரங்களில் எழுதியிருக்கிறேன்.

இரவே அவளுக்குப் போன் பண்ணினேன். "வாங்க சேர், நாளன்னைக்கு வாங்க. ஆபீஸ்லயும் சொல்லி வைக்கிறேன்" என்றாள்.

இடையில் ஒரு நாள் கிடைத்தது. எல்லவையும் ஹப்புத்தளையையும் அந்த ஒரே நாளில் முடித்தோம். ஒன்பது வளைவுப் பாலத்தில் கூட்டம். 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு, இரும்பில்லாமல் கட்டிய பாலம். இரும்பெல்லாம் முதல் உலகப் போருக்கே போய்விட்டது என்று காரணம் சொல்வார்கள். பண்டாரவளைக்கு 1894இல் வந்த ரயில் பதுளையைத் தொடுவதற்கு 1924 ஏப்ரல்வரை, முப்பது வருடம் ஆனது. நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். தெமோதரையில் தண்டவாளம் ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்து வந்த ஸ்டேஷனுக்கே அடியில் குகைக்குள் நுழைந்து வெளியேறுகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். கதையோ நிஜமோ, எனக்கு அது பிடிக்கும். தம்பிக்கும் பிடித்தது. "அந்தக் கங்காணி பேரு?" என்றான் மறுபடியும்.

ஹப்புத்தளைப் பக்கம் இருக்கும் தம்பேதன்னை தேயிலை ஸ்டோர் 1890இல் தொமஸ் லிப்டன் கட்டியது. அங்கேதான் தம்பி தொழில்காரனாக மாறினான். அவன் வேலை செய்யும் ஸ்டோரில் இலையை வெட்டி, நசுக்கி, குருணையாக உருட்டுவார்கள். சீக்கிரம் சாயம் இறங்கும். இங்கே வாட்டிய கொழுந்தை உருளையில் போட்டு முறுக்குவதுதான் வழக்கம், இலை இலையாகவே சுருளும். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்கும்போது ஊவாக் கொழுந்தில் ஒரு தனி வாசம் ஏறும். புதினாவை நசுக்கினாற்போல், தொண்டையில் ஒரு குளிர்ச்சி. அந்த சீசன் தேயிலைக்குத்தான் ஏலத்தில் விலை. நாங்கள் போனதும் அந்தப் பருவம். ஒரு கை அள்ளி முகத்தருகே கொண்டுபோனவன் கண்ணை மூடிக்கொண்டான். "இருபது வருசம் தேயிலையில இருக்கேன் அண்ணே. இந்த வாசத்தை அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கேன்." லிப்டன் சீட்டில் மூடுபனி வந்துவிட்டது, பள்ளத்தாக்கு தெரியவில்லை. கொஸ்லந்தைப் பக்கம் கையைக் காட்டி, 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்கடியில் போனது அந்தத் திசையில்தான் என்றேன். அங்கே மண் சரியும் என்ற எச்சரிக்கை பல வருடம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆட்கள் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் மலை இறங்கியது.

மூன்றாம் நாள் காலை உடுவரைப் பக்கம் ஆட்டோவில் போனோம். ஹாலிஎல தாண்டும்போது தெளிவத்தை ஜோசப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனேன். 1934இல் ஹாலிஎலப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தை என்பது அவர் ஆசிரியராக வேலை பார்த்த தோட்டம். அந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, 2022 அக்டோபரில் இறக்கும்வரை எழுதினார். 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தபோது தமிழ்நாட்டிலும் பலர் அந்தத் தோட்டத்துப் பெயரை உச்சரித்தார்கள். இதைத் தம்பியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு நடுவில் வார்த்தை தடைப்பட்டது. அவர் நெற்றியில் எழுதிக்கொண்ட மாதிரி வைத்துக்கொண்டதைத்தான் நான் நாற்பது வருடம் வாயில் வைத்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியை ரோட்டில் நின்றாள். மேட்டு லயத்துக்குப் படி ஏறினோம். லயம் பழையதுதான், தகரம் மாறியிருந்தது. இஸ்தோப்பை மறித்துச் சிலர் அறையாக்கியிருந்தார்கள். கீழே 7 பேர்ச் காணியில் புதிதாகக் கட்டிய வீடுகள் கொஞ்சம் தெரிந்தன. இன்னும் லயத்திலேயே இருப்பவர்கள்தான் அதிகம். ஆட்கள் மலைக்குப் போயிருந்தார்கள். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, எவ்வளவு என்று தம்பி கேட்டான். வருடக்கணக்காகப் போராடி 2021இல்தான் ஆயிரம் ரூபாய் ஆனது, சொல்லும் கிலோ நிறையாவிட்டால் அரைப் பேர் என்றாள் ஆசிரியை. மறு வருடமே நாட்டில் நெருக்கடி வந்து மாவும் மண்ணெண்ணெயும் ஏறிய ஏற்றத்தில் அந்த ஆயிரம் என்ன ஆனது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் மேலே கேட்கவில்லை.

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒரு அக்கா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குடத்தை இறக்காமலே தம்பியைப் பார்த்தார்.

"யாரு மகன் நீயி?"

தம்பி தாத்தாவின் பெயரைச் சொன்னான், அம்மாவின் பெயரைச் சொன்னான். குடம் இறங்கியது. "தொங்கக் காம்பரா!" என்றார். அவ்வளவுதான். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு கடுதாசி வந்தது, 74ஆம் வருஷம், அதுக்கப்புறம் ஒண்ணும் வரலை, நான் போட்டதுக்கும் பதில் இல்லை என்றார். அம்மா நாலு கடுதாசி போட்டாங்களாம் பெரியம்மா என்றான் தம்பி. இருவரும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசினார்கள், எந்தெந்த மாதம், யார் கையில் கொடுத்தது என்று.

தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் வந்தன. தம்பி தாளை எடுத்து வாசித்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். பங்களா மலை. கோயில் மலை. ஆலமரத்து மலை. பீலி மலை. தொரப்பாதை...

"இரு, இரு. பீலி மலைக்கு அடுத்து தொரப்பாதை எப்பிடி வரும்? குருவிக்கல்லு மலை வரணும்."

தாளில் குருவிக்கல் இல்லை. அம்மாவுக்கு மறந்துபோயிருக்கும் என்றான் தம்பி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மறக்கிற ஆளில்லை அவள் என்று சொல்லிக்கொண்டே யோசித்தார். பிறகு சட்டென்று முகம் மலர்ந்தது.

"கவ்வாத்து! அவ போன வருசம் குருவிக்கல்லுல கவ்வாத்து வெட்டியிருந்துச்சு. மாசக்கணக்கா கொழுந்து கிடையாது. நாங்க பீலியிலருந்து நேரா தொரப்பாதைக்குத்தான் போனோம். அவ சரியாத்தான்டா சொல்லியிருக்கா."

51 வருடம். கடைசியாக நடந்த சுற்றை அப்படியே, வெட்டுப்பட்டிருந்த மலையை விட்டுவிட்டு, அவர் சேரம்பாடியில் மனத்தில் நடந்துகொண்டிருந்திருக்கிறார். நான் வரலாறு படிப்பித்தவன். ஒரு ஆவணத்தின் நம்பகம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

மத்தியானம் மலைகளைப் பார்க்க நடந்தோம். அக்காவும் கூடவே வந்தார். குருவிக்கல்லில் பெண்கள் மட்டக்குச்சியை வைத்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கத்தரி இல்லாமல் விரலால் எடுக்கும் வேகத்தைத் தம்பி நின்று பார்த்தான். அவன் பக்கம் இப்போது கத்தரிதான் அதிகமாம். பத்தேக்கர் மட்டும் இல்லை. தோட்டம் அதைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. மானாப்புல் தலைக்கு மேல் வளர்ந்து, நடுநடுவே தேயிலை மரமாக நின்றது. ஆமாம், மரமாக. இடுப்புக்கு மேல் வளரவிடாமல் வெட்டி வெட்டித்தான் நாம் அதைச் செடி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைப் பூ பூத்திருந்தது. தம்பி ஒரு பூவைப் பறித்துத் தாளுக்குள் வைத்து மடித்தான்.

"மாஸ்டர் எந்தத் தோட்டம்?" அக்கா திடீரென்று என்னைக் கேட்டார். ஊர் எது என்று கேட்கவில்லை.

சொன்னேன். போர்டில் இருக்கும் பெயரல்ல, எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர். "அட, எங்க நாத்தனார அங்கதான குடுத்துச்சு, பணிய லயத்துல" என்றார் அக்கா, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்கிற மாதிரி.

கிளம்பும் நேரத்தில்தான் அந்தக் கோச்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஏறிய வண்டிகளை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள். இவர்கள் போனது ராத்திரிக் கோச்சி. லயத்துக்குக் கீழே வளைவில் பாதை தெரியும் இடத்தை அக்கா காட்டினார்.

"அன்னைக்கு லயத்துல இருந்த அரிக்கன் லாம்பு அத்தனையும் எடுத்துக்கிட்டு அங்க போயி நின்னோம். கோச்சி வர்றப்ப எல்லாரும் மேல தூக்கிப் பிடிச்சோம். அவ பாத்தாளா தம்பி?"

தம்பிக்குத் தெரியாது. அம்மா விளக்கைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தான். லயத்தில் சிக்னல் இல்லை, ரோட்டிலும் இல்லை. ஹாலிஎலவுக்கு வந்துதான் கிடைத்தது. ஒரு கடை வாசலில் நின்று பேசினான். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. அவன் கேட்ட பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"வெளிச்சம் தெரிஞ்சிச்சுப்பா. வரிசையாத் தெரிஞ்சிச்சு. நான் ஏதோ ஸ்டேஷனாக்கும்னு நெனச்சேன்."

மறுநாள் காலை அவனைக் கோச்சி ஏற்றிவிடப் போனேன். பையில் அக்கா கொடுத்தனுப்பிய தேயிலைத் தூள் இருந்தது, தோட்டத்தில் மாதாமாதம் அவர் மகளுக்குக் கொடுக்கும் பங்கு. எந்தப் பக்கம் உட்காரணும் அண்ணே என்று கேட்டான். அந்த வளைவைத் தாண்டும்வரை இந்தப் பக்கம் என்று காட்டினேன். அவன் உட்காரவேயில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வண்டி போன பிறகு பிளாட்பாரத்து வாங்கில் உட்கார்ந்தேன். பையில் பேனா இருந்தது, தம்பி விட்டுப்போன கொப்பியில் வெற்றுத் தாள் இருந்தது. எங்கள் தோட்டத்து மலைகளின் பெயர்களை எழுதத் தொடங்கினேன். என் அம்மா கூடையோடு போவதைப் பார்த்த வரிசையில். கொல்லை மலை. மடுவத்து மலை. சங்கிலி மலை. ஆறு பெயருக்கு மேல் வரவில்லை. பசறையில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன்.